தகரம் அழுத காம்பரா

அந்த அக்கா வாயைத் திறக்கும் முன்பே அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

கண்டிக்குக் கிழக்கே, ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். தொழிலாளர்களின் ஓரறை வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் லயத்தின் கடைசிக் காம்பராவில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் நான் உட்கார்ந்திருந்தேன். எதிரே கட்டில் ஓரத்தில் அவர். பேர் அஞ்சலை. எனக்குக் கொடுத்த பாலில்லாத சாயத்தண்ணி கையிலேயே ஆறிக்கொண்டிருந்தது. வெளியே சுள்ளென்று வெயில். மழைக்கான அறிகுறி எதுவும் இல்லை.

"வயசு எத்தனை அக்கா?" என்று கேட்டேன். நேர்காணலில் முதலில் கேட்கவேண்டிய கேள்வி அது.

"முப்பத்திநாலு" என்றார்.

அவருக்குத் தலை பாதி நரைத்திருந்தது. சுவரில் மாட்டியிருந்த படத்தில் பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். ஆனாலும் முப்பத்திநாலு என்று சொன்னபோது அவர் முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை, குறும்பும் இல்லை. நான் அதை எழுதிக்கொள்ளவில்லை. அந்த முப்பத்திநாலையும் நான் முன்பே படித்திருந்தேன்.

அவர் கூரைத் தகரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"அன்னைக்கு காலையிலேருந்து மழை. மருத்துவச்சி வரல. ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடந்துச்சு."

அடுத்து ஒரு இடைவெளி வரும். ஒருமுறை மூச்சை இழுத்து விடுவார். பிறகு "புள்ள பொறந்துச்சு" என்பார். அப்படியே நடந்தது. அவர் அடுத்த வரிக்குப் போகும்போது என் உதடுகளும் சேர்ந்து அசைந்தன.

"புள்ள அழல. தகரந்தான் அழுதுச்சு."

இந்த இடத்தில் அஞ்சலை அக்காவைக் கொஞ்ச நேரம் கட்டிலிலேயே உட்கார வைத்துவிட்டு, நான் ஏன் அங்கே போய்ச் சேர்ந்தேன் என்று சொல்லவேண்டும்.

நாலு இடத்தில் விசாரிப்பது

இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்கு நான் நாவலப்பிட்டிப் பக்கத்தில் டீச்சர் என்பது தெரியும். எதையும் சும்மா விடாத குணம் எனக்கு என்பதையும் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். நாற்பதை நெருங்குகிற வயதில், கண்டிப் பக்கம் முதுதத்துவமாணி (எம்.பில்.) பட்டத்துக்குப் பதிந்துகொண்டேன். தோட்டப்புறப் பெண்களின் மகப்பேறுதான் தலைப்பு.

ஆய்வுக்குள் இறங்குவதற்கு முன் 'இலக்கிய மீளாய்வு' என்று ஒரு அத்தியாயம் எழுதவேண்டும். இலக்கியம் என்றதும் என் மாமியார், "கதை எழுதுறியா, நல்லது, மனசுக்கு ஆறுதலா இருக்கும்" என்றார். கதையும் இல்லை, கவிதையும் இல்லை. நம்முடைய விஷயத்தைப் பற்றி நமக்கு முன் யார் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் தேடிப் படித்து, யார் சொன்னது யாரோடு ஒத்துப்போகிறது, யார் எதைச் சொல்லாமல் விட்டார் என்று தொகுத்து எழுதுவது. பெண் கொடுப்பதற்கு முன் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி நாலு இடத்தில் விசாரிக்கிறோமே, ஏறக்குறைய அந்த வேலைதான். விசாரிக்கப்போன இடத்தில் சில நேரம் விசாரிக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றும். அதுவும் இதில் உண்டு.

சனிக்கிழமைகளில் பேராதனையில் இறங்கிப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போவேன். உச்சி வெயிலில்கூட அந்த மண்டபத்தின் பின்பக்கம் இருட்டாகத்தான் இருக்கும். பழைய ஆய்வேடுகளைத் திறந்தால் ஈரமும் பூச்சி மருந்தும் கலந்த ஒரு வாடை மூக்கில் ஏறும். ஜன்னல் வழியே பார்த்தால் தாவரவியல் தோட்டத்து மரங்களில் வௌவால்கள் தொங்கிக்கொண்டு ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருக்கும். நான் இருக்கும் மேசையில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள்.

ஏன் அந்தத் தலைப்பு

எல்லாருக்கும் சொன்ன காரணம் ஒன்று. விண்ணப்பத்தில் எழுதிய காரணம் அதைவிட நீளமானது. உண்மைக் காரணம் வேறு.

எனக்கு ஒரு மகன் பிறந்தான். அழவில்லை. அவ்வளவுதான் அவன் வாழ்க்கை. யார் மேலும் பிழை சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியில் எல்லாரும் செய்யவேண்டியதைச் செய்தார்கள். என் கணவர் சேகரும் அவருடைய அண்ணனும் அவனை ஊருக்குக் கொண்டுபோனார்கள். மருந்து மயக்கம் தெளிந்து நான் கேட்டபோது அடக்கம்கூட முடிந்திருந்தது.

பிறகு வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. என் நன்மைக்காகத்தான். அம்மா தொட்டிலை யாருக்கோ கொடுத்துவிட்டார். சேகர் டீவி சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். 'மறந்திரு' என்று சொல்வதற்குக்கூட யாரும் அந்த விஷயத்தைத் தொடவில்லை. எனக்கு அழுகையே வரவில்லை. வயிற்றுக்குள் ஒரு கல்லை வைத்துக்கொண்டுதான் பள்ளிக்கூடத்தில் தமிழ்ப்பாடம் எடுத்தேன்.

இதே மாதிரி பிள்ளையை இழந்த வேறு பெண்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள், எந்த வார்த்தையில் சொன்னார்கள் என்று தெரியவேண்டும். அதற்காகத்தான் ஆராய்ச்சி. பட்டம் ஒரு சாக்கு.

ஒரு மழை நாளில், பத்து வருஷத்துக்கு முந்திய ஓர் ஆய்வேட்டில் அந்த வரியைப் படித்தேன். முப்பத்திநாலு வயதுத் தாய் ஒருவர் சொன்னதாக இருந்தது. 'பிள்ளை அழவில்லை, தகரம்தான் அழுதது.'

எழுந்து கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மகன் போனதற்குப் பிறகு அன்றுதான் முதல்முறையாக அழுகை வந்தது. முன்பின் தெரியாத ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. அந்தப் பெண்ணை எனக்கு உடன்பிறப்பாகவே பிடித்துப்போயிற்று.

அட்டவணை

மீளாய்வு எழுதுகிறவர்கள் ஓர் அட்டவணை போடுவார்கள். யார் எழுதியது, எந்த இடம், எத்தனை பேரிடம் கேட்டார், என்ன கண்டார், முக்கியமான கூற்று எது என்று கணினியில் கட்டம் கட்டமாக நிரப்புவது. தனித்தனியாகப் படிக்கும்போது தெரியாதது பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரியும்.

எனக்குத் தெரிந்தது.

அந்த வரி அதற்கு முந்திய காலத்து ஆங்கிலக் கட்டுரை ஒன்றிலும் இருந்தது. அதற்கும் முந்திய ஒரு சிங்கள ஆய்வில் இருந்தது. எல்லாவற்றுக்கும் முந்திய ஒரு தமிழ் ஆய்வேட்டிலும் இருந்தது. எனக்கு முன்னால் அண்மையில் முடித்த ஒருவருடையதிலும் இருந்தது. தோட்டத்தின் பெயர் ஒவ்வொன்றிலும் வேறு வேறு, ஏனென்றால் இடத்தின் உண்மைப் பெயரை மறைப்பது ஆய்வுலக மரியாதை. ஆனால் எல்லாத் தோட்டத்திலும் ரோட்டில் மண் சரிந்திருந்தது. எல்லாத் தோட்டத்திலும் மருத்துவச்சி வரவில்லை. எல்லாத் தாய்க்கும் முப்பத்திநாலு வயது.

நான் பிறப்பதற்கு முன்பும் அவருக்கு முப்பத்திநாலு. போன வருஷமும் முப்பத்திநாலு.

முதலில் கோபம்தான் வந்தது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் சுட்டு, அதை இன்னொருவர் சுட்டு, கடைசியில் அப்படி ஒரு பெண்ணே இல்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆய்வு மோசடி என்பதற்காக வந்த கோபம் இல்லை அது. நான் இல்லாத ஒருத்தியின் தோளில் சாய்ந்து அழுதேனா என்கிற கோபம். அவள் இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமல் எனக்கு ஒரு வரியும் எழுத ஓடவில்லை.

கெசட்டும் போனும்

அந்த வரிசையில் மிகப் பழையது என்னுடைய மேற்பார்வையாளர் பவளராணி மெடம் இளவயதில் எழுதியது. அதுதான் சங்கடம். யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்து கண்டியிலேயே தங்கிவிட்ட மனுஷி. ஓய்வுபெறப் போகிறார். அவரிடம் போய் 'நீங்கள் களவெடுத்தீர்களா' என்று எப்படிக் கேட்பது? சுற்றிவளைத்துத்தான் கேட்டேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. "நான் என்ர காதால கேட்டனான், பிள்ளை. கெசட் இருக்கு. வீட்டை வாரும், போட்டுக் காட்டுறன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பகல் அவர் வீட்டுக்குப் போனேன். அலுமாரியின் அடித்தட்டிலிருந்து பழைய டேப் ரெக்கோடரை எடுத்துத் துடைத்துக் கெசட்டைப் போட்டார். தகரத்தில் மழை கொட்டுகிற சத்தம். அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல். மருத்துவச்சி வரல. மண்ணு சரிஞ்சு கெடந்துச்சு. ஒரு மூச்சு. புள்ள பொறந்துச்சு.

அண்மைய ஆய்வைச் செய்தவர் நஸ்ரினா. அக்குறணைப் பிள்ளை, எனக்கு நல்ல பழக்கம். போனில் பதிந்ததை எனக்கு அனுப்பினாள். குரல் வேறு, வயதான குரல். ஆனால் அதே சொற்கள், அதே இடத்தில் அதே மூச்சு. பின்னால் அதே மழை.

"அண்டைக்கு மழை இல்ல டீச்சர்" என்றாள் நஸ்ரினா.

"கேக்குதே."

"எனக்கும் கேக்குது. அங்க இருக்கக்கொள்ள நல்ல வெயில். ரெக்கோடிங்ல மட்டும் எப்பிடி வந்த எண்டு எனக்கு வெளங்கவே இல்ல. அதால நான் திரும்பப் போட்டுக் கேக்கிறதில்ல."

"அவங்களப் பாத்தா முப்பத்திநாலு மாதிரியா இருந்துச்சு?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "இல்லதான். தோட்டத்து வேல ஆளக் கெதியா கெழவியாக்கிரும் எண்டு நெனச்சேன்."

படித்தவர்களின் தவறு இப்படித்தான் இருக்கும். கண் முன்னால் நரைத்த தலை நிற்கும். அதற்கு ஒரு விளக்கம் கையில் தயாராக இருக்கும். வாயைத் திறந்து கேட்கத்தான் தோன்றாது. நானும் அங்கே போய் அதையேதான் செய்தேன் என்பதை மேலே பார்த்தீர்கள்.

தோட்டத்தின் உண்மைப் பெயரை மெடம் சொன்னார். நஸ்ரினா சொன்னதும் அதே பெயர். "போய்ப் பாரும்" என்றார் மெடம். "எனக்கும் தெரியவேணும். நான் திரும்ப ஒருக்காலும் அங்க போகேல்லை."

தண்ணீருக்கு மேலே

கண்டியிலிருந்து மஹியங்கனை பஸ். திகன தாண்டினால் வலப்பக்கம் விக்டோரியா நீர்த்தேக்கம் தெரியத் தொடங்கும். அந்த மாதம் மழை பொய்த்திருந்தது. தண்ணீர் வடிந்து, அணை கட்டியபோது மூழ்கிப்போன பழைய தெல்தெனிய ஊரின் சுவர்களும் படிகளும் சேறு பூசிக்கொண்டு வெளியே நின்றன. பஸ்ஸில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்களுக்குப் பழகிவிட்டது. நான் மட்டும் பார்த்தேன். ஒரு வாசல்படி எந்த வீட்டுக்கும் போகாமல் நின்றது. வேண்டாத சகுனம் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஹுன்னஸ்கிரியவில் இறங்கி த்ரீவீலில் மேலே போனேன். லயத்துக்கு முன்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண், நான் வாயைத் திறப்பதற்குள், "ஆராச்சிக்கு வந்தீங்களா?" என்றாள்.

"ஆமா. பிள்ளைப்பேறு சம்பந்தமா கொஞ்சம்..."

"கடைசிக் காம்பராவுக்குப் போங்க. அஞ்சலை அக்கா இருப்பாங்க. அவங்க சொல்லுவாங்க."

"நீங்களும் கொஞ்சம் பேசலாமே?"

அவள் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "நாங்க சொல்ல மாட்டோம். அவங்கதான் சொல்லுவாங்க" என்றுவிட்டுக் காம்பராவுக்குள் போய்விட்டாள். நான் நடக்க நடக்க வாசல் இஸ்தோப்புத் திண்ணைகளில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து உள்ளே போனார்கள். கதவுகள் மெதுவாகச் சாத்தப்பட்டன. கடைசிக் கதவு மட்டும் திறந்திருந்தது.

கடைசிக் காம்பரா

இப்போது மறுபடியும் அந்தக் கதிரைக்கு வந்துவிட்டேன்.

என் உதடு அசைந்ததை அஞ்சலை அக்கா பார்த்துவிட்டார். பேச்சை நிறுத்தினார்.

"ஒங்களுக்கு இந்தக் கதை தெரியுமா?"

"தெரியும் அக்கா. நீங்க பொறக்க... நீங்க சின்னப் பிள்ளையா இருக்கும்போதே இத ஒருத்தங்க சொல்லியிருக்காங்க. கெசட்ல கேட்டேன்."

அவர் ஆச்சரியப்படவில்லை. "அது எங்க மாமியா" என்றார். "அவங்க கொரல் இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"மழ கேக்குதா அதுல?"

கேட்கிறது என்று தலையாட்டினேன். அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். உள்ளே அரை இருட்டு. கதவிடுக்கால் வந்த வெயில் மட்டும் தரையில் கோடாக விழுந்திருந்தது.

"அந்தப் புள்ள எங்க மாமியாவோடது. அவங்க அதப் பத்தி யாருகிட்டயும் பேசினதில்ல. மாமாகிட்டகூட. அப்புறம் ஒரு படிச்ச பொண்ணு வந்து, நல்லா பேசி, கேட்டுச்சு. சொல்லிட்டாங்க. அன்னைக்கு மழ. அந்தப் பொண்ணு போயி, மழயும் விட்டிருச்சு. தகரத்துல மட்டும் சத்தம் நிக்கல."

"என்ன சத்தம்?"

"சின்னக் காலு நடக்குற சத்தம்."

நான் சாயத்தண்ணிக் கோப்பையைத் தரையில் வைத்தேன்.

"புள்ள எழும்பிருச்சு டீச்சர். பேசாம இருந்தா தூங்கும். வெளியாளுகிட்ட வாயத் தொறந்து சொன்னா எழும்பிரும். எழும்பினா திரும்பத் தூங்காது. மாமியா சாகுற வரைக்கும் மேல நடந்துச்சு. அவங்க செத்த பொறகும் அது போகல. இந்தக் காம்பராவோடயே இருக்கு. அப்புறம் மூத்த மருமக இருந்தாங்க, அவங்களுக்குப் பொறகு நான்."

"அப்ப ஆராய்ச்சிக்கு வாறவங்கள எல்லாம்..."

"இங்க அனுப்பிருவாங்க. இந்தக் காம்பராவுல யாரு இருக்காங்களோ அவங்கதான் சொல்லணும். அப்பவே பேசி வச்ச பேச்சு. இந்த லயத்துல எத்தன வீட்டுல இப்பிடி நடந்துருக்கு, ஒங்களுக்குத் தெரியாது. எல்லாத்தையும் கேப்பாங்க. கேட்டுட்டு பஸ் ஏறிப் போயிருவாங்க. எழும்பின புள்ளய வச்சுக்கிட்டு இங்க இருக்கிறது நாங்கதானே. அதனால அந்த ஒரு புள்ளயத்தான் சொல்லுறது. அது ஏற்கெனவே எழும்பிருச்சு. மத்த புள்ளைங்க தூங்கட்டும்."

"வயசையும் மாத்துறதில்லையா?"

"அது மாமியாவோட வயசு. கதைய மாத்தக் கூடாதுல்ல. மாத்திச் சொன்னா வேற யாரோட புள்ளயாவது எழும்பிட்டா?"

அப்போது தகரத்தில் சத்தம் கேட்டது. மெல்ல, விட்டு விட்டு, ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு.

"குரங்கா?" என்று கேட்டேன்.

அஞ்சலை அக்கா அண்ணாந்து மேலே பார்த்தார்.

இடைவெளி

பயத்தை அங்கேயே விட்டுவிட்டு, ஆய்வேடு என்னவாயிற்று என்பதைச் சொல்லி முடித்துவிடுகிறேன். வாசகர்களைக் காக்க வைத்து வேடிக்கை பார்ப்பது எனக்குப் பிடிக்காது.

மெடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் படித்தவர், இதையெல்லாம் நம்புகிறவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அப்ப நான்தான் எழுப்பினனான்" என்றார். நான் புறப்படும்போது கெசட்டை ஒரு கைக்குட்டையில் சுற்றித் தந்து, அந்த வீட்டில் கொடுத்துவிடச் சொன்னார். அது அந்த லயத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அட்டவணையில் தனித்தனியாக இருந்த அத்தனை வரிசைகளையும் ஒன்றாக்கினேன். இந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே ஒரு குழந்தையைப் பற்றியவை, மற்றக் குழந்தைகளைப் பற்றி நமக்கு இதுவரை எதுவும் தெரியாது என்று எழுதினேன். தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. மற்றக் குழந்தைகளைப் பற்றித் தெரியாது என்றதுதான் அந்த அத்தியாயத்திலேயே நான் மனதார எழுதிய வரி.

மீளாய்வின் முடிவில் 'ஆய்வு இடைவெளி' என்று ஒன்றைக் காட்டவேண்டும். இதுவரை யாரும் தொடாத இடம் எது, அதை நான் எப்படி நிரப்பப்போகிறேன் என்று. என் இடைவெளிக்குள் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அதை நிரப்ப எனக்கு மனமில்லை. தலைப்பை மாற்றி, தோட்டங்களுக்கு மருத்துவச்சிகள் போய்வருகிற பாதைகளைப் பற்றி எழுதி, பட்டத்தை வாங்கிக்கொண்டேன். நல்ல ஆய்வு என்றுதான் சொன்னார்கள். எனக்கும் அதில் குறையில்லை.

சொன்னால் வரும்

அந்தக் காம்பராவில் நடந்ததை இன்னும் முடிக்கவில்லை.

சத்தம் ஓய்ந்ததும் அஞ்சலை அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஒங்களுதும் தூங்குதா?" என்று கேட்டார்.

நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. என் கையில் வளையல் இருந்தது, நெற்றியில் பொட்டு இருந்தது, பையில் பல்கலைக்கழக அடையாள அட்டை இருந்தது. எதைப் பார்த்துக் கண்டுபிடித்தார் என்று இன்றைக்கும் தெரியாது.

"ஆமா" என்றேன்.

"ஆம்பளப் புள்ளயா?"

"ஆமா."

"யாருகிட்டயும் சொல்லல?"

"கேக்கிறதுக்கு யாரும் இல்லக்கா."

"அப்ப சொல்லாதீங்க" என்றார். "சொன்னா எழும்பும். எழும்பினா பின்னால வரும். ஒங்க வீட்டுக்கு வரும், பள்ளிக்கூடத்துக்கு வரும். எங்க மாமியா கடைசிவரைக்கும் ஒரு நாள் தனியா இருந்ததில்ல. நல்லா யோசிச்சுக்கங்க."

நான் யோசித்தேன். தொட்டில் இல்லாத அறையை யோசித்தேன். டீவி சத்தத்தை யோசித்தேன். என் மகனுக்கு நான் மனசுக்குள் ஒரு பேர் வைத்திருந்தேன். அதை ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. தூங்குகிறான் என்றால் இத்தனை வருஷமும் அவன் என்னோடு இல்லாமல் தூங்கியிருக்கிறான். அந்தப் பெண்கள் பயப்பட்டது எதற்கோ, நான் ஏங்கியது அதற்காகத்தான் என்று அந்த அரை இருட்டில் புரிந்தது. எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது.

"வந்தா வரட்டும் அக்கா" என்றேன்.

சொன்னேன். வலி தொடங்கியதிலிருந்து சொன்னேன். மேலே சுற்றிய விசிறியைச் சொன்னேன். யாரும் என் முகத்தைப் பார்க்காததைச் சொன்னேன். ஒரு தாதி ஏதோ ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு போனதைப் பார்த்துவிட்டு, அது என்னுடையது இல்லை என்று நினைத்துக்கொண்டு கிடந்ததைச் சொன்னேன். கடைசியில் அவன் பேரைச் சொன்னேன். அதை இங்கே எழுதப்போவதில்லை.

அஞ்சலை அக்கா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டிருந்தார். நான் பேசி முடிக்கும்வரை தகரத்தில் ஒரு சத்தமும் இல்லை. மேலே இருந்தது எதுவோ, அது நின்று கேட்டுக்கொண்டிருந்தது என்றுதான் எனக்குப் பட்டது.

கதவைத் திறந்ததும் வெயில் கண்ணைக் குத்தியது. அக்கா குறுக்குப் பாதையில் இறங்கி பஸ் ரோடு வரைக்கும் கூடவே வந்தார். தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நடக்கும்போது அவர் ஓரமாக ஒதுங்கி ஒதுங்கி நடந்தார். எங்கள் இருவருக்கும் நடுவில் ஓர் ஆள் நடக்கிற அளவு இடம் இருந்தது. நான் கிட்டப் போனாலும் அவர் அந்த இடத்தை விட்டே நடந்தார்.

மஹியங்கனைப் பக்கமிருந்து கண்டி பஸ் வந்தது. நான் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினேன். அக்கா கீழே நின்று என்னைப் பார்த்தார். பிறகு என் பக்கத்தில், இடுப்புக்கும் கீழே ஓர் இடத்தைப் பார்த்தார். அவர் முகம் கனிந்தது.

"பாத்துப் போயிட்டு வாங்க, ரெண்டு பேரும்" என்றார்.

இருவர் உட்காரும் சீட் ஒன்று காலியாக இருந்தது. நான் ஜன்னல் ஓரத்தை விட்டு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். சின்னப் பிள்ளைகளுக்கு ஜன்னல்தான் பிடிக்கும்.

மேட்டில் இருக்கும் புதிய தெல்தெனியவில் சந்தைச் சனம் ஏறியது. கத்தரிக்காய்ப் பையோடு ஒரு அம்மா நெருக்கியடித்துக்கொண்டு என்னிடம் வந்து, "அங்கிட்டு ஆள் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு" என்றேன்.

அவர் ஜன்னலோரத்தைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் பையைக் காலடியில் வைத்துவிட்டு, கண்டி வரைக்கும் நின்றுகொண்டே வந்தார்.